பத்தாவது சான்றிதழுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்காம் வகுப்பிலிருந்து ஒரு மாற்றுக்கல்விப் பள்ளியில் படிக்கிறாள். பரீட்சை, மார்க் எதுவும் கிடையாது. பள்ளிக்கு அரசு அங்கீகாரமும் இல்லை. சந்தோஷமாகத்தான் போய்வருகிறாள். பத்தாவது சான்றிதழுக்கு என்ன செய்வது? தெரிந்த ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அவரிடம் முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

இப்படி ஒரு பள்ளியில் கணக்கு எழுதப் போனவன் நான். கொஞ்ச நாளில் அலுவலகம் முழுக்க என் தலையில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் குறைவு. ‘டிசி தருவீங்களா சார்?’ என்று கேட்காதவர்களே இல்லை. அது தப்பும் இல்லை, நாடு அப்படி இருக்கிறது.

உங்கள் மகளுக்கான வழி என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989இல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது நிறைந்திருந்தால் நேரடியாகப் பத்தாவது எழுதப் பதிவு செய்யலாம். எட்டாவது பாஸ் செய்த சான்று இல்லையென்றாலும், படிக்கும் திறன் இருக்கிறது என்று நீங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி போதும். ஐந்து பாடம், அதில் ஒன்று மொழிப்பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும். ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை. இரண்டை இப்போது, மூன்றை அடுத்த முறை என்று பிரித்துக்கொள்ளலாம். பாஸ் செய்த பாடம் கணக்கில் நிற்கும். பத்தாவதைத் தமிழிலேயே எழுதலாம். மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து அலைய வேண்டும். நான் அதைச் சொல்வதில்லை.

சரி, உங்கள் ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். பத்தாவது பாஸ் செய்தவர்தான் பன்னிரண்டாவதில் சேர முடியும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடம் கழிந்தால்தான் பன்னிரண்டாவது முழுச் சான்றிதழ். இது என்ஐஓஎஸ் விதி. ஒரே வருடத்தில் இரண்டும் என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது பெயர் தெரியாத ஏதோ ‘போர்டு’ அச்சடித்த காகிதத்தை விற்கிறார். ஒரு தந்தை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளக்கும் ஹாலோகிராம், சிவப்பு முத்திரை, டெல்லி முகவரி எல்லாம் இருந்தது. கல்லூரியில் சரிபார்க்க அனுப்பியபோது அப்படி ஒரு வாரியமே இல்லை. பையனுக்கு இரண்டு வருடம் போனது.

இன்னொரு வகை ட்யூட்டோரியல்காரர்கள். நிஜமாகவே என்ஐஓஎஸ்ஸில்தான் பதிவு செய்வார்கள், ஆனால் படிவத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அவர்களுடையதாக இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும், ஹால் டிக்கெட்டும் அவர் கையில். தேர்வுக்கு முந்தின வாரம் ‘இன்னும் எட்டாயிரம் பாக்கி’ என்பார். வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைப்புகளையும், அதாவது டிஎம்ஏவையும், தாங்களே எழுதித் தருவதாகச் சொல்வார்கள். அதற்கு 20 சதவீத மதிப்பெண். உங்கள் மகள் எழுத வேண்டியதை வேறு யாரோ எழுதுவதற்கா இத்தனை வருடம் அந்தப் பள்ளிக்கு அனுப்பினீர்கள்? பதிவை வீட்டில் உட்கார்ந்து நீங்களே இணையத்தில் செய்யலாம். ஒரு மதியம் ஆகும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள்: எந்தப் பாடங்களை எடுப்பது. என்ஐஓஎஸ்ஸில் கணிதமும் அறிவியலும் இல்லாமலே பத்தாவது முடிக்கலாம். ஏஜென்டுகள் ‘ஈஸி பாடம்’ என்று மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி என்று போட்டுவிடுவார்கள். எங்களிடம் ஒரு பையன் இருந்தான். பள்ளிக் கிணற்று மோட்டார் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவோம். வைண்டிங் கருகியிருக்கிறதா, கெபாசிட்டர் போயிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தே சொல்லுவான். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் சேரப் போனான். பத்தாவதில் கணிதமும் அறிவியலும் வேண்டும் என்றார்கள். அவன் மார்க் ஷீட்டில் இருந்தது ஓவியம். அந்த இரண்டு பாடத்துக்கு மட்டும் மறுபடி பதிவு செய்து, எழுதி, சேர ஒரு வருடம் ஆனது. அந்த ஐந்து பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஏஜென்ட் இல்லை, நான்தான். குழந்தைக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று நினைத்தேன். அதனால் சொல்கிறேன், உங்கள் மகளுக்குக் கணக்கு எவ்வளவு கசந்தாலும் இந்த இரண்டையும் போட்டுவிடுங்கள். ஓவியத்தை ஆறாவது பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

மேற்படிப்பில் இந்தச் சான்றிதழ் செல்லுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செல்லும். 2018இல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்று விதி போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதே வருடம் அதை ரத்து செய்தது. மத்திய அரசே நடத்தும் வாரியத்துக்கு மத்திய அரசின் தேர்விலேயே இடமில்லை என்று சொல்லத் தனித் திறமை வேண்டும். நம் மாநிலமும் சளைத்ததில்லை. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில், பாடத்தை அட்டைகளாகப் பிரித்துப் பிள்ளைகள் தாங்களே படிக்கும் அட்டை முறையைப் பார்த்துவந்துதான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். அதே அட்டையை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பள்ளி அங்கீகாரம் கேட்டுப் போனால் கட்டட உறுதிச் சான்று எங்கே, தீயணைப்புச் சான்று எங்கே என்று கோப்பு மூன்று மேசை சுற்றும்.

ஒருவேளை வழக்கமான பள்ளிக்கே மாற்ற நினைத்தால், 14 முடிவதற்குள் செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது எட்டாவது வரை, சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘எமிஸ் எண் (அரசின் மாணவர் பதிவு எண்) இல்லை, டிசி இல்லை’ என்று திருப்பி அனுப்பினால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். ஒன்பதாவதுக்கு இந்தப் பிடிமானம் கிடையாது.

அப்புறம், பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று இருக்கும். என்னிடம் வரும் பத்து பேரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. பத்தாவது சான்றிதழில் ஏறிவிட்ட பெயரை மாற்றுவது பெரும்பாடு. அவளுக்கு 14 ஆவதற்குள் ஆதாரைத் திருத்திவிடுங்கள்.