ஹீமோஃபிலியா உள்ளவர் ரூட் கெனால் செய்துகொள்ளலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு வயது 22, மிதமான ஹீமோஃபிலியா ஏ இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்து, ஈறில் கொப்புளம் வந்து வந்து உடைகிறது. கடலுக்குப் போகும் நாள்களில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறான். ஒரு மருத்துவர் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் தொடவே மறுக்கிறார். ரூட் கெனால் செய்தால் இரத்தம் நிற்காமல் போகுமா?"

செய்யலாம் அம்மா, பல்லைக் காப்பாற்ற முடியும் நிலையில் இருந்தால், பிடுங்குவதைவிட அதுவே உங்கள் மகனுக்குப் பாதுகாப்பானது. பல்லைப் பிடுங்கினால் எலும்பில் திறந்த குழி உண்டாகிறது. ஹீமோஃபிலியா ஏ என்பது இரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவாக இருக்கும் நோய். அது உள்ளவருக்கு அங்கே உறையும் இரத்தக்கட்டி வலுவற்றது. எச்சிலில் அது கரைந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட மீண்டும் கசியத் தொடங்கும். ரூட் கெனால் என்னும் வேர்ச்சிகிச்சையிலோ வேலை முழுவதும் பல்லின் கெட்டியான சுவர்களுக்குள் நடக்கிறது. உள்ளே இரத்தம் வருவது பெரும்பாலும் பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ்த்திசுவில் அழுகாமல் மிஞ்சியதிலிருந்துதான். அதை முழுவதும் எடுத்ததும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் திசு மிச்சமிருக்கலாம், அல்லது கருவி வேர்நுனியைத் தாண்டியிருக்கலாம். அதனால்தான் வேரின் நீளத்தை மின்கருவியால் அளந்து, நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பே, உள்ளே சுத்தம் செய்யும் மெல்லிய கருவியான ஃபைலை நிறுத்துகிறோம்.

என் கவலை பல்லைப் பற்றியதைவிட மரத்துப்போகப் போடும் ஊசியைப் பற்றியதே. கீழ்த் தாடை முழுவதும் மரக்க, வாயின் பின்பக்கம் ஆழமாக நரம்பருகில் போடும் ஊசி, அங்குள்ள இரத்தக் குழாயைக் குத்தினால், கசியும் இரத்தம் தொண்டைப்புறம் பரவி மூச்சையே அடைக்கக்கூடும். ஆகவே அந்த ஊசி தேவைப்பட்டால், இரத்தவியல் மருத்துவர் சொல்லும் அளவில் ஃபேக்டர் 8 ஏற்றிய பிறகே போட வேண்டும். பல்லை ஒட்டிய ஈறில் மேலாகப் போடும் ஊசியால் பல நேரம் வேலை முடிந்துவிடும். எது பொருந்தும் என்பதைப் பல் மருத்துவரும் இரத்தவியல் மருத்துவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கட்டும். இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரையோ வாய்க்கொப்பளிப்போ தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகனின் உடலில், ஏற்றும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் எதிர்க்கும் இன்ஹிபிட்டர் என்ற எதிர்ப்புப் பொருள் உண்டா என்ற பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும்.

மகன் போடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தத் தட்டணுக்களின் வேலையைத் தடுத்துக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டுமே போதும். வலி என்று போனதும் இடுப்பில் ஊசி போட வருவார்கள். தசையில் போடும் ஊசி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் வீக்கத்தைச் சற்றே அடக்கும். அழுகிய திசு உள்ளேயே இருக்கும் வரை கொப்புளம் திரும்பத் திரும்ப வரும்.

தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகவே தரப்படுகிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போகும் முன் இருப்பைத் தொலைபேசியில் கேட்டு, ஏற்றும் நேரத்துக்கும் சிகிச்சைக்கும் இடையில் இடைவெளி விழாதபடி காலையிலேயே நேரம் வாங்குங்கள். ஃபேக்டர் 8-இன் அளவு உடலில் ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தாடையின் கீழோ நாக்கின் அடியிலோ வீங்கினாலும், விழுங்கக் கடினமானாலும், குரல் மாறினாலும் அது எந்த நேரமானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான். படகில் இருந்தால் உடனே கரை திரும்ப வேண்டும்.

சிகிச்சை முடிந்தபின் பல்லுக்கு மேல் கேப் போடும் வரை அந்தப் பக்கம் நண்டு ஓட்டைக் கடிக்க வேண்டாம். மீன் முள்ளும் அங்கே ஈறைக் குத்தாமல் பார்த்துச் சாப்பிடட்டும்.