கோட்டைக் காவலர்களின் மன உறுதி: எந்த எண்ணை மாற்றுவது?

கேள்வி: நெப்போலியன் காலப் போர்களை ஒட்டிய கணினி விளையாட்டு ஒன்றின் விதிக் கோப்பைத் திருத்திவருகிறேன். மூல விதிப்படி, கோட்டைக்குள் இருக்கும் படைப்பிரிவு ஐந்தில் ஒரு பங்கை இழந்ததும் மதிலைத் தாண்டி முற்றுகையிட்டவர்கள் நடுவிலேயே போய் விழுகிறது. அதைத் தடுக்க, கோட்டையில் இருப்பவர்களுக்கு மன உறுதியில் 40 புள்ளிகள் கூட்டினேன். இப்போது யாரும் சரணடைவதே இல்லை. கடைசி ஆள் வரை சாகிறார்கள். எத்தனை புள்ளிகள் கூட்டினால் சரியாக வரும்?

பதில்: 40ஐ 25 ஆக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. நீங்கள் கூட்டிய இடம்தான் பிழை.

உங்கள் விளையாட்டில் மன உறுதியின் உச்சவரம்பு 100 என்று வைத்துக்கொள்வோம். 50 புள்ளிகள் உள்ள ஊர்க்காவல் படை 90க்கு ஏறிவிடும். 80 புள்ளிகள் உள்ள தேர்ந்த காலாட்படை 100இல் முட்டி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே இருந்த 30 புள்ளி வித்தியாசம் 10 ஆகச் சுருங்குகிறது. பயிற்சி இல்லாதவர்களும் பழகிய வீரர்களும் மதில்மேல் ஏறியதும் ஏறக்குறைய ஒரே தரத்தவர் ஆகிவிடுகிறார்கள்.

மதில் யாருக்கும் துணிச்சலைத் தருவதில்லை. அச்சம் வரும் வழிகள் சிலவற்றை அடைக்கிறது. பக்கவாட்டில் எதிரி வரமாட்டான், குதிரைப்படை மோதாது, குண்டுகளில் பாதி கல்லில் படும். ஆகவே அடிப்படை எண்ணை அப்படியே விட்டுவிட்டு, கழிவுகளை, அதாவது இழப்பு, தாக்குதல் போன்றவற்றுக்காக மன உறுதியிலிருந்து கழிக்கப்படும் புள்ளிகளைத் திருத்துங்கள். மதில் உடையாத வரை இழப்பினால் வரும் கழிவைப் பாதியாக்குங்கள். பக்கவாட்டுத் தாக்குதலுக்கான கழிவைச் சுழியமாக்குங்கள். இழப்பு விகிதத்தையும் தனித்தனிப் பிரிவுக்குக் கணக்கிடாமல், அந்த மதில் பகுதியில் நிற்கும் எல்லோருக்கும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. இருபது பேர் கொண்ட பீரங்கிக் குழுவில் நால்வர் விழுந்தாலே 20 விழுக்காடு ஆகிவிடும். உங்கள் மூல விதியில் காவலர்கள் அவ்வளவு விரைவில் கலைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதைவிட முக்கியமானது, இந்தச் சலுகைகள் எப்போது பறிபோகின்றன என்பது. ஸ்பெயினின் பதஹோஸ் நகரை 1812 ஏப்ரல் 6 இரவில் பிரிட்டிஷ் படை தாக்கியது. மதில் உடைப்புகளின் வழியே நுழைய முயன்றவர்களைப் பிரெஞ்சுக் காவலர்கள் மீண்டும் மீண்டும் அடித்து விரட்டினார்கள். ஆனால் வேறு இரண்டு இடங்களில் ஏணி வைத்து ஏறியவர்கள் உள்ளே புகுந்து பின்புறமாக வந்ததும், அதுவரை அசையாமல் நின்ற அதே காவலர்களின் எதிர்ப்பு குலைந்தது. தளபதி பிலிப்போன் எஞ்சியவர்களோடு ஆற்றுக்கு அப்பால் இருந்த சான் கிறிஸ்டோபல் கோட்டைக்குப் பின்வாங்கி, மறுநாள் காலையில் சரணடைந்தார்.

இந்த ஓர் இரவிலேயே உங்களுக்குத் தேவையான விதிகள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. உடைப்பு விழுந்தால் மட்டும் பெரிய கழிவு வேண்டாம்; 5 புள்ளிகள் போதும். எதிரி மதிலுக்குள் கால் வைத்தால் உடனே 25 புள்ளிகளைக் கழியுங்கள். எல்லாச் சலுகைகளையும் நீக்குங்கள். நேராகப் பார்க்க முடியாத அடுத்த பகுதிக்கும் ஒரு சுற்று கழித்து அதே கழிவு பரவட்டும். மன உறுதி முறிந்தவர்கள் மதிலுக்கு வெளியே உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி தடுத்துவிடுங்கள். உட்கோட்டை இருந்தால் அங்கே பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சரண். எதிரியிடமிருந்து மிகத் தொலைவான கட்டத்தை நோக்கி ஓடு என்ற திறந்தவெளிப் போருக்கான விதி, நாற்புறமும் முற்றுகை இருக்கும் இடத்தில் ஆளை வெளியேதான் தள்ளும்.

தலைவரை இழந்தால் வரும் கழிவை மட்டும் கோட்டையில் குறைக்காதீர்கள், இரட்டிப்பாக்கினாலும் தகும். 1453 மே 29 அன்று கான்ஸ்டான்டினோபிளில், நகரைக் காத்துநின்ற ஜெனோவாத் தளபதி ஜுஸ்தினியானி காயம்பட்டு உள்வாயில் வழியாக வெளியேறியதும், அவருடைய ஆட்கள் பின்தொடர, அங்கே காவல் வரிசை குலைந்தது. குறுகிய இடத்தில் நிற்பவர்களுக்குத் தலைவர் கண்ணெதிரே இருக்கிறார். அவர் போவதும் அதே போலத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது பட்டினியும் தாகமும். இவற்றைப் போர்க் கழிவோடு கலக்காமல், மன உறுதியின் உச்சவரம்பைக் குறைக்கும் தனி எண்ணாக வையுங்கள். முதல் உலகப் போரில், 1916 ஜூனில், பிரான்சின் வெர்டனுக்கு அருகே வோ கோட்டையின் பிரெஞ்சுக் காவலர்கள், ஜெர்மானியர் கோட்டையின் மேற்தளத்தைப் பிடித்த பிறகும் உள் நடைகூடங்களில் நின்று போரிட்டார்கள். ஜூன் 7 அன்று சரணடைய வைத்தது தண்ணீர்த் தட்டுப்பாடு. நீர் தீர்ந்தபின் நாளொன்றுக்கு வரம்பில் 15 குறையட்டும். உணவு குறைந்தால் 3 போதும். தாக்குதல் இல்லாத நாளில் காவலர்கள் அந்த வரம்பு வரைக்கும் விரைவாகத் தேறட்டும்.

நான் சொன்ன எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. உடையாத மதில், உடைந்த மதில், நீரில்லாத கோட்டை ஆகிய மூன்று நிலைகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் தாக்கினாலும் முதல் நிலையில் ஊர்க்காவல் படை பெரும்பாலும் தாங்க வேண்டும். இரண்டாவதில் உள்ளே எதிரி நுழையும் வரை நின்று, நுழைந்தபின் சில சுற்றுகளில் முறிய வேண்டும். மூன்றாவதில் தேர்ந்த படையும் ஒரு வாரத்துக்குள் சரணடையாவிட்டால், வரம்பைக் குறைக்கும் எண்ணைத் திருத்துங்கள், மற்றவற்றைத் தொடவேண்டாம்.