கார் கேள்வி – பதில்: ஹீட்டர் ஹோஸை நானே மாற்றலாமா?

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜினிலிருந்து டாஷ்போர்டு பக்கம் போகும் ஹீட்டர் ஹோஸ் ஒன்று வாய் பிளந்திருந்தது. 9 வருடப் பெட்ரோல் ஹேட்ச்பேக். மாற்ற வேண்டியது இரண்டே ரப்பர் குழாய். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நானே மாற்றலாமா?
– குன்னூர் வாசகர்

பதில்: கை எட்டினால் மாற்றலாம். ஒரு ஹோஸுக்கு இரண்டு கிளாம்ப் (ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), மொத்தம் நான்கு. நான்கும் கண்ணுக்குத் தெரிகிறதா, பிளேயர் நுழைய இடம் இருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கக் கிளாம்ப்புகள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பின்னால் ஒளிந்திருந்தால், எஸ்டிமேட்டில் பெரிய தொகை அதைக் கழற்றி மாட்டும் கூலிதான். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எப்படியானாலும் ஹோஸ், கிளாம்ப், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), லேபர் என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். கேட்காத ‘ஃபிளஷிங்’ ஏதாவது உள்ளே நுழைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆவி வந்த பிறகும் ஓட்டினீர்களா, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதா? தொட்டிருந்தால் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். ஹோஸ் மாற்றிப் பயனில்லை. (ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். குளிர் ஊரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது சகஜம்.) முள் இறங்கியிருந்ததும் ஆறுதல் இல்லை. சென்ஸாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாவிட்டால் அது சரியான சூட்டைக் காட்டாது.

ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்காதீர்கள். உட்புற விட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மி.மீ.தான், ஆனால் கம்பெனி ஹோஸ் வளைவோடு வார்த்தது. நேர் ஹோஸை வளைத்து மாட்டினால் முட்டியில் மடங்கி ஓட்டம் அடைபடும். பழையதைக் கையில் கொண்டுபோய், பார்ட் நம்பர் சொல்லி, இரண்டையும் வாங்குங்கள். ஒன்று வெடித்தால் அதே வயதுள்ள மற்றதும் வரிசையில் நிற்கிறது. நடுவில் பிளாஸ்டிக் ‘டி’ ஜாயின்ட் இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். சூட்டில் முறுகிப்போன பிளாஸ்டிக், ஹோஸை இழுக்கும்போது கையோடு வந்துவிடும். கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட் 2 முதல் 3 லிட்டர், கார் புத்தகத்தில் சொன்ன வகை. நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

வண்டியை நிறுத்தி 2 மணி நேரமாவது ஆற விடுங்கள். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் உங்கள் ஹோஸ் வெடித்தபோது நடந்தது முகத்துக்கு நேராக நடக்கும்.

கழற்றும்போது சொதப்புகிற இடம் ஒன்றே ஒன்று: ஹீட்டர் கோரின் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) குழாய். மெல்லிய அலுமினியம் அல்லது பித்தளை. ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுத்தால் குழாய் நசுங்கும் அல்லது கோரோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். பிறகு டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வேலை. கிளாம்ப்பை நகர்த்திவிட்டு, ஹோஸின் கடைசி 3 செ.மீ.யை பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல் உரித்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப் போடுகிற ஹோஸ்தானே. பிளேடு உலோகத்தில் கோடு போடக் கூடாது. அந்தக் கோடு வழியே பின்னால் கசியும்.

குழாய் முனையில் படிந்த வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். புது ஹோஸ் வழுக்கி ஏற கொஞ்சம் கூலன்ட் தடவினால் போதும். கிரீஸ், ஆயில் வேண்டவே வேண்டாம். இந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். சிலிகான் பேஸ்ட்டும் வேண்டாம். பிதுங்கிய துணுக்கு கோருக்குள் போய் அடைக்கும். கிளாம்ப், குழாய் முனையின் மேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும்போது நழுவும். கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப் துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே போடுங்கள். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ரப்பரை அது தானே பிடித்துக்கொள்ளும். திருகு கிளாம்ப்பைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும்.

அடுத்தது ஏர் லாக், அதாவது கூலன்ட் ஓடும் வழியில் காற்று சிக்கிக்கொள்வது. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பல கார்களில் ரேடியேட்டர் மூடிதான் உயரமான இடமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இதற்கு ஜாக்கி எதற்கு? மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில், ஏ.சி. ஆஃப். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஐடிலில் விடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்திருக்கட்டும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் ரேடியேட்டரின் இரு ஹோஸும் சுடும். மட்டம் நிலைத்ததும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். முள் நடுவில் இருந்தும் உள்ளே குளிர்காற்று வந்தால், அல்லது டாஷ்போர்டுக்குள் கொடகொடவென்று சத்தம் கேட்டால், காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். சிந்திய கூலன்ட்டை நன்றாகக் கழுவிவிடுங்கள்; இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கும், அது விஷம்.

கேள்வி: சென்னையில் ஹீட்டரே போடுவதில்லை. ஹோஸ் போனதும் மெக்கானிக் ஹீட்டர் லைனை ‘லூப்’ பண்ணிவிட்டார். பரவாயில்லையா?
– தாம்பரம் வாசகர்

பதில்: கோரை விலக்கி ஒரே ஹோஸால் இணைத்திருந்தால் ஓட்டலாம். இரண்டு முனையையும் போல்ட் வைத்து அடைத்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்; சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றும் வழியே அதுதான். நீங்கள் ஹீட்டர் போடாததற்கும் ஹோஸ் போனதற்கும் சம்பந்தமில்லை. பல கார்களில் குமிழ் எங்கே இருந்தாலும் சுடுநீர் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: இரண்டு ஹோஸும் புதிது. ஆனாலும் கூலன்ட் குறைகிறது, முன் கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பு.
– ஓசூர் வாசகர்

பதில்: ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. முன் இருக்கைகளின் கால்வைக்கும் இடத்துத் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஈரமும் இனிப்பு வாடையும் இருக்கும். சர்வீஸ் சென்டருக்குக் காசு கொடுக்க வேண்டிய வேலை இது.