கனேலாத் தேநீர்: மெக்சிகோ அடுக்களையிலிருந்து கேள்வி பதில்

கணவரின் வேலைக்காக மெக்சிகோவின் புவெப்லா நகரில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். ஸ்பானிஷ் மொழியில் முதலில் எனக்குப் பிடிபட்ட சொற்களில் ஒன்று 'கனேலா', அதாவது நம் பட்டை. எதிர்வீட்டு அம்மா மாலையில் கதவைத் தட்டி, "கனேலா போட்டிருக்கிறேன், வா" என்பார். அவரிடம் கற்றதை வைத்துத்தான் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இதுவரை ஒரு தடவைகூடக் குடித்ததில்லை. முதல் தடவை போட என்ன அளவு?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு விரல் நீளத்தில் மூன்று சுருள் பட்டை. எடை பார்த்தால் 10 கிராம் வரும். வெல்லம் 60 கிராமில் தொடங்குங்கள், இனிப்பு போதாவிட்டால் அடுத்த தடவை கூட்டலாம்.

பட்டையைக் கையாலேயே இரண்டு மூன்றாக ஒடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, அதன்பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் பட்டையைப் போடுவதைவிட இப்படித் தண்ணீரோடு சேர்ந்து சூடேறும்போது சாறு நன்றாக இறங்குகிறது என்பது என் அனுபவம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே லேசாகக் குமிழ் வருகிற அளவில் பத்து நிமிடம் வையுங்கள். வெல்லத்தைப் போட்டுக் கரைந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள்.

அதற்கு மேல் கால் மணி நேரம் தொடக் கூடாது. பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். அடுப்பிலிருந்து இறக்கும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். மூடியபடி ஊறினால்தான் செம்பழுப்பாக மாறும், வாசனையும் அடங்கி உள்ளே நிற்கும். எதிர்வீட்டு அம்மா கடிகாரம் பார்த்ததே இல்லை. மூடியைத் திறந்து நிறத்தைப் பார்ப்பார். செங்கல் நிறம் வராவிட்டால் மறுபடி மூடிவிடுவார்.

கேள்வி: மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் பட்டையையே போட்டேன். காரமாக, தொண்டையில் குத்துகிற மாதிரி இருந்தது. எங்கே தவறு?

தவறு உங்கள் கையில் இல்லை, பட்டையில். கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா என்னும் வேறு இனம். சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கம் விளைவது. மரத்தோல் மாதிரி தடித்து, கெட்டியாக இருக்கும். கையால் ஒடிப்பது கஷ்டம். பிரியாணிக்கும் குருமாவுக்கும் அது சரி, ஏனென்றால் மசாலாக் கூட்டத்தில் அதன் முரட்டு வாசனை மேலே தெரிய வேண்டும். வெறும் தண்ணீரில் அதைத் தனியாக விட்டால் நீங்கள் சொன்ன மாதிரிதான் குத்தும்.

மெக்சிகோவில் கனேலா என்றால் இலங்கைப் பட்டை. இலங்கைத் தமிழர்கள் கறுவா என்பது அதைத்தான். காகிதம் போல மெல்லிய உள்தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, குறுக்கே பார்த்தால் சுருட்டு போல அடுக்கடுக்காகத் தெரியும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நிறம் வெளுத்த பழுப்பு. முகர்ந்தால் இனிப்புக்கு நடுவே கொஞ்சம் கிராம்பு வாசனை வரும். கிராம்பில் நிறைந்திருக்கும் யூஜினால் என்னும் மணப்பொருள் இதிலும் சிறிதளவு இருப்பதுதான் காரணம்.

நம்மூரில் 'சுருள் பட்டை' அல்லது 'சிலோன் பட்டை' என்று கேளுங்கள். விலை பல மடங்கு இருக்கும். ஆனால் இந்தத் தேநீரில் பட்டையும் வெல்லமும் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் பட்டையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் மாத்தறைப் பக்கம். எங்கட கறுவா அவ்வளவு தூரம் எப்படிப் போனது அக்கா?

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான். உங்கள் ஊரில் குழல் கறுவாவைத் தரம் பிரிக்கும்போது அல்பா, கான்டினென்டல், மெக்சிகன், ஹாம்பர்க் என்று நான்கு பெரிய வகை சொல்வார்கள் இல்லையா? மூன்றாவதின் பெயரே மெக்சிகோதான்! மிக மெல்லிய குழல் அல்பா, தடிமன் கூடக்கூட ஹாம்பர்க் வரை இறங்கும். தேநீருக்கு அல்பா தேவையே இல்லை. மெக்சிகன் தரம் தாராளமாகப் போதும்.

போன வழி பழையது. மெக்சிகோ அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. இலங்கையின் கறுவாக் கரைகள் போர்ச்சுகீசியர் கையில் இருந்தன. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுக்கலுக்கும் ஒரே அரசர். அதற்குப் பிறகு கறுவா டச்சுக்காரர்களிடமும், 1796-இல் பிரிட்டிஷாரிடமும் போனாலும், மெக்சிகோவின் நாக்கில் ஏறிய ருசி இறங்கவில்லை. இன்னொரு பக்கம், 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகபுல்கோ துறைமுகத்துக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களும் ஆசியாவின் பட்டும் பீங்கானும் வாசனைப் பொருளும் கொண்டுவந்து இறக்கின. ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் சாக்லேட் பானம் இருந்தது, கறுவா இல்லை. இன்று கறுவா இல்லாத மெக்சிகோ சாக்லேட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அங்கே சந்தையில் கனேலாக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்து, உள்தோல் கிழியாமல் உரித்தெடுக்கும் உங்கள் பக்கத்துத் தொழிலாளர்கள் நினைவுக்கு வருவார்கள். வாங்கிக் குடிக்கிற நிறையப் பேருக்கு அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்றே தெரியாது. தெரிந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டீத்தூள் எப்போது போடுவது?

போடுவதே இல்லை. மெக்சிகோவில் 'தே' என்றால் எந்த மூலிகையைக் கொதிக்கவைத்த தண்ணீருக்கும் அதுதான் பெயர். சீமைச் சாமந்தி, எலுமிச்சைப் புல் எல்லாம் 'தே'தான். நாம் குடிக்கிற டீயை 'கறுப்புத் தே' என்று தனியாகச் சொல்வார்கள்.

கேள்வி: பிலோன்சீயோ என்று ஒன்று போட வேண்டும் என்கிறார்களே, அது என்ன? கருப்பட்டி போடலாமா?

பிலோன்சீயோ கரும்பு வெல்லம்தான். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சில் ஊற்றி எடுப்பார்கள். நம் அச்சு வெல்லத்துக்கு அண்ணன் என்றே சொல்லலாம், என்ன, கல் மாதிரி கெட்டியாக இருக்கும். நல்ல அடர் நிற நாட்டு வெல்லம் போட்டால் வித்தியாசம் தெரியாது. வெளுத்த மஞ்சள் வெல்லத்தில் அந்தக் கருகல் ருசி இருக்காது, அதைத் தவிர்க்கலாம். மண் இருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிடுங்கள்.

கருப்பட்டி, இலங்கையின் கித்துள் வெல்லம் இரண்டும் பனை வகை மரங்களின் பதநீரில் வருபவை. அவற்றுக்குச் சொந்த வாசனை பலமாக உண்டு. குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் கனேலா பின்னால் போய்விடும். வெள்ளைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிற வீடுகளும் அங்கே ஏராளம், அதனால் அதுவும் தப்பில்லை.

கேள்வி: பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டேன்.

வெல்லம் போட்ட பாயசத்தில் நம் அம்மாக்கள் என்ன செய்வார்களோ அதையே செய்யுங்கள். அடுப்பை அணைத்து, தேநீரின் சூடு கொஞ்சம் இறங்கிய பிறகு, தனியாகக் காய்ச்சிய பாலைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். வெல்லத்தின் லேசான புளிப்பும் கொதிக்கிற சூடும் சேரும்போதுதான் பால் திரிகிறது. மெக்சிகோவில் பலர் டப்பாவில் வரும் சுண்டிய பாலை ஊற்றுவார்கள், அது அவ்வளவு எளிதில் திரியாது. பாலுக்கு வெள்ளைச் சர்க்கரை போட்டால் இந்தப் பயமே இல்லை.

கேள்வி: பட்டைப் பொடி போட்டால் சீக்கிரம் ஆகிவிடுமே?

வேண்டாம். பொடி தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகிவிடும், எவ்வளவு மெல்லிய துணியில் வடித்தாலும் அடியில் சளி போலத் தங்கும்.

கேள்வி: மெக்சிகோக்காரர் ஒருவரின் குறிப்பில் 25 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார். சென்னையில் அப்படியே செய்தேன், துவர்த்துப் போய்விட்டது.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். புவெப்லா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அதனால் அங்கே பருப்பு வேகவும் நேரமாகும், பட்டை இறங்கவும் நேரமாகும். சென்னையில் 100 டிகிரி. அதே 25 நிமிடத்தில் வாசனை ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. சமவெளியில் பத்து நிமிடக் கொதியும் கால் மணி நேர ஊறலும்தான் என் கணக்கு. ஊட்டியில் இருப்பவர்கள் அந்த 25 நிமிடத்தைத் தாராளமாகப் பின்பற்றலாம்!

கேள்வி: மண்பானையில் போட்டால்தான் அசல் ருசி என்கிறார்களே?

மண்பானையில் பட்டையும் பிலோன்சீயோவும் போட்டுக் காய்ச்சும் காப்பிக்கு அங்கே 'கஃபே தே ஓயா' என்று பெயர், 'பானைக் காப்பி'. கனேலாவையும் அதே பானையில் போடுவார்கள். ருசி நன்றாக இருக்கும், மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மெக்சிகோவில் பழைய முறைப் பானைகளின் பளபளப்பு பலவற்றில் காரீயம் கலந்த பூச்சு. அது புளிப்பான பானத்திலும் நீண்ட சூட்டிலும் கரைந்து இறங்கும். குழந்தைகளுக்குக் காரீயம் எந்த அளவிலும் நல்லதில்லை. சந்தையில் ஆசையாக வாங்கிய ஒரு பச்சைப் பூச்சுப் பானையை நான் விவரம் தெரிந்த பிறகு பூத்தொட்டியாக்கிவிட்டேன். சுற்றுலா போய் வாங்கி வருபவர்கள் 'காரீயம் இல்லாதது' என்று உறுதி செய்து வாங்குங்கள். நம்மூர்ப் பூச்சில்லாத மண்சட்டியைப் பழக்கிப் பயன்படுத்தலாம். எவர்சில்வர் பாத்திரம் எந்தக் குறையும் இல்லாதது. இரும்பு மட்டும் வேண்டாம், துவர்ப்போடு சேர்ந்து தண்ணீர் கறுத்துவிடும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். தினமும் குடித்தால் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பட்டையையும் இரத்தச் சர்க்கரையையும் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன, முடிவுகள் ஒன்றுபோல இல்லை. தயவுசெய்து இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெல்லமும் சர்க்கரைதான், இனிப்பில்லாமல் குடியுங்கள்.

தினமும் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பட்டையில் இயற்கையாக இருக்கும் கூமரின் என்னும் வேதிப்பொருள். காசியாவில் இது அதிகம், நிறைய உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடைக்கு 6 மில்லிகிராம். காசியாப் பொடி ஒரு தேக்கரண்டி போட்டாலே இதைத் தாண்டிவிடலாம். இலங்கைப் பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. ருசிக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான் சுருள் பட்டை என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமாகக் குடிக்க வேண்டாம். மெக்சிகோ மருத்துவச்சிகள் பிரசவ வலி கூடுவதற்கென்றே கனேலாத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

கேள்வி: அங்கே எந்த நேரத்தில் குடிப்பார்கள்? தொட்டுக்கொள்ள என்ன?

காலையிலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகவும் குடிப்பார்கள். கூடவே சிப்பி ஓடு மாதிரி கோடு போட்ட 'கொன்ச்சா' என்னும் இனிப்பு ரொட்டி. நம்மூர் பன்னும் நன்றாகப் பொருந்தும். குளிர்காலத்தில் இரவுத் தெருவோரங்களில் இதில் கொஞ்சம் மது ஊற்றிக் கேட்பவர்களும் உண்டு, அதை 'பிக்கேத்தே' என்பார்கள், 'கொட்டு' என்று பொருள். டிசம்பர் 16 முதல் 24 வரை, கிறிஸ்துமஸுக்கு முன் நடக்கும் போசாதாக் கொண்டாட்டங்களில் கொய்யா, கரும்புத் துண்டு, புளி, தேஹொகோத்தே என்னும் சிறு மஞ்சள் பழம் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சும் 'போன்சே' என்னும் சூடான பழப் பானத்துக்கும் அடித்தளம் இதே பட்டையும் பிலோன்சீயோவும்தான்.

துக்க வீட்டிலும் கொடுப்பார்கள். எதிர்வீட்டு அம்மாவின் கணவர் இறந்த இரவில், நாற்பது பேர் கூடியிருந்த முற்றத்தில் பெரிய அண்டாவில் கனேலா காய்ந்துகொண்டிருந்தது. கரண்டி என் கையில் கொடுக்கப்பட்டது. அன்றுதான் அந்தத் தெருவில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி: ஒரு தடவை போட்ட பட்டையை மறுபடி பயன்படுத்தலாமா? மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

இன்னொரு தடவை போடலாம், கூடவே புதுத் துண்டு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெறும் மரம். பால் சேர்க்காத தேநீர் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். ஆறியதும் கொஞ்சம் கெட்டிப்பட்டால் பயப்பட வேண்டாம், பட்டையில் உள்ள பசைதான், சூடாக்கினால் இளகும். மே மாதத்தில் அதைச் சூடாக்காமல் ஐஸ் போட்டு, எலுமிச்சை கொஞ்சம் பிழிந்து குடித்துப் பாருங்கள்.