நாள்பட்ட கல்லீரல் நோயில் அமினோ அமிலச் சமநிலை ஏன் குலைகிறது? புரதத்தைக் குறைக்கலாமா?

அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தின் அலகுகள். ஃபினைல்அலனின், டைரோசின் போன்ற அரோமேட்டிக் அமினோ அமிலங்களைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். அது நலிந்தால் அவை ரத்தத்தில் தேங்கும். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற கிளைச்சங்கிலி வகை வேறு: அவற்றை முக்கியமாக எரிப்பது தசை. கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவை (புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சு) தசை குளுட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும்போது இவை செலவாகிவிடும். கிளைச்சங்கிலி வகைக்கும் அரோமேட்டிக் வகைக்கும் உள்ள விகிதம் (ஃபிஷர் விகிதம்) வழக்கமாக 3-ஐ ஒட்டி இருக்கும்; முற்றிய சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறும் நோய்) 1 வரைகூட இறங்கும்.

அம்மோனியாவுக்குப் பயந்து உடனே புரதத்தைக் குறைப்பவர்கள் உண்டு. தவறு. தசை கரைந்தால் அம்மோனியா இன்னும் ஏறும். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.2–1.5 கிராம் புரதம் வேண்டும் (வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த எடையைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்). படுக்குமுன் 50 கிராம் மாவுச்சத்துள்ள சிற்றுண்டி, இரவில் தசை கரைவதைத் தடுக்கும். கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பவுடர், அம்மோனியா ஏறுவதால் வரும் மூளைக் குழப்பத்துக்கு ஓரளவு உதவும். ஆனால் லாக்டுலோஸை (குடல்வழி அம்மோனியாவைக் குறைக்கும் மருந்து) நிறுத்திவிட்டு அந்தப் பவுடரை எடுப்பதற்கில்லை.