சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? – மருந்துக் கடை கேள்வி-பதில்

மருந்துக் கடையில் வாங்கும்போதும் வீட்டில் கொடுக்கும்போதும் வரும் சந்தேகங்களை வாசகர்கள் கேட்டிருந்தார்கள். மருந்தாளுநர்கள் குழு பதில் தருகிறது.

அப்பாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். வழக்கமான கடையில் சிரிஞ்சு இல்லாததால் வேறு கடையில் வாங்கினோம். மூடி ஆரஞ்சு நிறம். அதே 20-ம் கோடு வரை இழுத்துத்தான் போடுகிறோம். ஆனால் நான்கு நாளாகச் சர்க்கரை 300-க்குக் கீழே வரவில்லை. இன்சுலின் கெட்டுவிட்டதா?
– வாசகி, விருதுநகர்

இன்சுலின் மேல் பழி போடும் முன் சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். குப்பியின் லேபிளிலேயே அது போட்டிருக்கும். அதற்கு உரிய சிரிஞ்சு சிவப்பு மூடி, யு-40. ஆரஞ்சு மூடி போட்டது யு-100. இரண்டிலும் 20 என்று கோடு இருக்கிறது, ஆனால் அளவு ஒன்றல்ல. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு என்றால் 0.2 மில்லி. 40 யூனிட் மருந்தில் 0.2 மில்லி எடுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். உங்கள் குப்பி 40 யூனிட் ரகம் என்றால், அப்பாவுக்குத் தினமும் 12 யூனிட் குறைந்திருக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இன்சுலின் போடும் பேனாவின் கார்ட்ரிட்ஜில் (மருந்துக் குழலில்) இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைந்துபோனால் சிலர் அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போடுகிறார்கள். 20-ம் கோடு அங்கே அரை மில்லி, அதாவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார்.

குப்பியில் 40 யூனிட் என்று போட்டிருந்தால் இன்றே சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்குங்கள். விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று கூடுதலாகப் போடாதீர்கள். இந்த நான்கு நாளில் டாக்டர் அளவைக் கூட்டியிருந்தால், சிரிஞ்சை மாற்றுவதற்கு முன்பே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கூட்டிய அளவு முழுசாக உள்ளே போய்விடும். வாந்தி, மூச்சு வாங்குதல், அரைத்தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை.

சிரிஞ்சு கேட்டு வருபவரிடம் “எந்த இன்சுலின்?” என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தது கடையின் தவறு. அடுத்த முறை காலிக் குப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

பிரிக்காத குப்பிக்கு ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரில் வைத்து உறைந்தது, இளகினாலும் குப்பைக்குத்தான். பிரித்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். பொதுவாக 28 நாள்தான் கணக்கு.

இரண்டு வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. வீட்டில் மூன்று விதப் பாரசிட்டமால் பாட்டில் இருக்கிறது. எதில் எவ்வளவு கொடுப்பது?
– வாசகர், ஓசூர்

வயதை விட்டுவிட்டு எடையைப் பிடியுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; உங்கள் குழந்தைக்கு 180 மி.கி. ஐந்து மில்லியில் 250 மி.கி. என்று எழுதிய சிரப் என்றால் 3.6 மில்லி. ஐந்து மில்லியில் 120 என்றால் 7.5 மில்லி. சொட்டு மருந்து பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மி.கி.; அதில் 1.8 மில்லி போதும்.

வீடுகளில் தவறு நடப்பது இந்த மூன்றாவதில்தான். சொட்டு மருந்துப் பாட்டில் சின்னதாக இருப்பதால் மருந்தும் லேசானது என்று நினைத்து, சிரப் போல 5 மில்லி ஊற்றிவிடுவார்கள். அது 500 மி.கி., வேண்டியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பாட்டிலோடு வரும் மூடியும் சொட்டுக்குழாயும் அந்தந்தப் பாட்டிலுக்கே. சமையலறைக் கரண்டி வேண்டாம். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை மில்லி என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. காய்ச்சல் வந்திருப்பது மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு என்றால் மருந்துக் கடைக்கே போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

காய்ச்சலோடு இருமல் சிரப்பும் கேட்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் தரக் கூடாது, ஐந்துக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது.

காய்ச்சல் என்றால் எங்கள் தெரு மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை தருவார்கள். மறுநாளே சரியாகிவிடும். இதில் என்ன கெடுதல்?
– வாசகர், தேனி

அந்தக் காகிதப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. வழக்கமாக ஒரு பாரசிட்டமால், மூக்கொழுகலுக்கு ஒரு செட்ரிசின், ஒரு கேஸ் மாத்திரை. சில கடைகளில் இதோடு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, இன்னும் சில இடங்களில் பொடிசாக ஒரு ஸ்டீராய்டு. மறுநாளே எழுந்து நடமாட வைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிதான். நோய் உள்ளே இருக்கும், காய்ச்சல் மட்டும் அடங்கியிருக்கும். ஸ்டீராய்டால் சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை எகிறும். டெங்கு என்றால் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இதே வலி மாத்திரைகளால் சிறுநீரகம் அடிவாங்கலாம்.

பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையிலிருந்து பாரசிட்டமால் மட்டும் கேட்டு வாங்குங்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் அதுதான் டெங்குவின் ஆபத்தான கட்டம். மாத்திரை தேடி நேரம் கடத்தாதீர்கள்.

கடையில் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். 1948-ம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே. அவர் சாப்பிடப் போயிருந்தால் கால் மணி நேரம் காத்திருக்கலாம், தப்பில்லை.

போன மாதம் எழுதிக் கொடுத்த செஃபிக்ஸிமை மறுபடி கேட்டால், சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார். தெரிந்த கடைதான்!
– வாசகி, கும்பகோணம்

தெரிந்த கடை என்பதால்தான் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபயாடிக்; சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச்-1 பட்டியல் மருந்து. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை கொடுத்தார் என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மூக்கொழுகலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ்; அதற்கு இந்த மாத்திரை பயன்படாது. இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால், காசநோயா என்று பார்க்க அரசு மருத்துவமனையில் இலவசச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் போட்டுக் கலக்கலாமா?
– வாசகர், கோவை

கூடாது. உப்பும் குளுக்கோஸும் பொட்டலத்துக்குள் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 20.5 கிராம் பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் நீரில். ஒரு லிட்டர் அதிகம் என்றால் 200 மில்லிக்கான சிறிய பொட்டலம் கேளுங்கள். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலக்கினால் உப்பு ஏறி, குழந்தைக்கு நிலைமை மோசமாகும். கலக்கி 24 மணி நேரம் ஆனது மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.