கேளுங்கள், சொல்கிறேன்: காய்ச்சலோடு கதையும் மாறினால்

பெப்ரவரி 22 உலக மூளை அழற்சி தினம் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சீனி வருத்தம், மூட்டு நோ பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய வாசகர்களுக்கு ஒரு சொல்: நான் வைத்தியர் அல்ல. மருத்துவ விடுதிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்டதையும் படித்து அறிந்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மிஸ், என் அக்காவின் மகளுக்கு 20 வயது. கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு கிழமையாக நித்திரை இல்லை, யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று அழுதாள். அக்கா வீட்டில் நூல் கட்டினார்கள், ஒருவரிடம் கொண்டுபோய்ப் பார்வையும் பார்த்தார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இப்போது மூளை அழற்சி என்கிறார்கள். சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று வேறு ஸ்கான் செய்கிறார்கள். மூளைக்கும் சூலகத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு சித்தி, அச்சுவேலி

சம்பந்தம் இருக்கிறது தங்கச்சி. வைத்தியர்கள் தேட வேண்டிய இடத்தில்தான் தேடுகிறார்கள்.

மூளை அழற்சி என்றால் மூளைத் திசு வீங்கிப் பாதிக்கப்படுவது. பெரும்பாலும் வைரஸால் வரும். கிருமி எதுவும் இல்லாமலும் வரலாம். நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், மூளைக் கலங்கள் செய்தி வாங்கும் வாசல்களான என்எம்டிஏ என்ற ஏற்பிகளையே தாக்கத் தொடங்கும் ஒரு வகை உண்டு. ஜோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007 இல்தான் இதை இன்னதென்று அடையாளம் கண்டார்கள். இளம் பெண்களுக்கு வருவது அதிகம். அவர்களில் சிலருக்குச் சூலகத்தில் டெரடோமா என்ற கட்டி இருக்கும். அதற்குள் மயிர், பல், நரம்புத் திசுகூட இருக்கும். அந்த நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய பிறபொருளெதிரி மூளையையும் சேர்த்துத் தாக்குகிறது. கட்டி இருந்து அதை எடுத்துவிட்டால் பிள்ளை தேறுவதும் விரைவாகும். எல்லாருக்கும் கட்டி இருக்கும் என்றில்லை.

இந்த வகை மனநோய் மாதிரியே தொடங்கும். நித்திரை போகும், பயம் வரும், இல்லாத குரல் கேட்கும், கதை குழம்பும். வலிப்பு அதற்குப் பிறகு வரலாம். பிள்ளை வாயை மென்றுகொண்டே இருக்கலாம், கைகள் தாமாக அசையலாம், சிலர் பேச்சே இல்லாமல் கிடப்பார்கள். அக்கா இதையெல்லாம் பார்த்துப் பயப்படுவா. இதுவும் நோயின் பகுதிதான் என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். 2007 க்கு முன்னால் இதே கோலத்தில் வந்த பிள்ளைகளின் முகங்கள் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது இந்த நோய்க்குப் பெயரே இல்லை. அவர்களை நினைத்துத்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டுகிறேன்.

ஸ்டீரோயிட் ஊசி, இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி), இரத்தத்திலிருந்து அந்தப் பிறபொருளெதிரிகளை வடித்தெடுப்பது என்று சிகிச்சை இருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு வருடத்துக்குள் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் மெல்லத்தான் தேறுவார்கள். முதல் மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

அக்காவில் கோபப்படாதீர்கள். எங்கள் ஊரில் பயந்த தாய் முதலில் ஓடுவது அங்கேதான். கும்பிட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். திருநீறு பூசுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டோவில் வைத்துப் பூசுங்கள். முதல் மாற்றம் எந்த நாளில் தெரிந்தது, பிறகு என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். வலிப்பையோ விசித்திரமான அசைவையோ போனில் படமெடுத்துக் காட்டினால் அவர்களுக்கு இன்னும் உதவி.

அப்பாவுக்கு மூளைக் காய்ச்சல் என்று முள்ளந்தண்டில் தண்ணீர் எடுக்கக் கேட்கிறார்கள். எடுத்தால் கால் இழுத்துவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். கையெழுத்து வைத்து வீட்டுக்குக் கூட்டிவரலாமா?
– மகன், ஊர்காவற்றுறை

வேண்டாம் தம்பி. இந்தப் பயத்தோடு கையெழுத்து வைத்துக் கூட்டிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பி வரும்போது நினைவே இருக்கவில்லை.

பெரியவர்களுக்கு முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி ஏற்றுவது அதற்குக் கீழே. ஒன்றிரண்டு நாள் தலையிடி வரலாம், அதற்கு மருந்து இருக்கிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீரில்தான் எந்தக் கிருமி என்று தேடுவார்கள்.

வைரஸ்களில் ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் மிகப் பொல்லாதது. உதட்டோரத்தில் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். மூளைக்குள் போனால் ஞாபகம், குணம் இரண்டையும் காக்கிற பக்கத்தைத்தான் கூடுதலாக அழிக்கும். மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் வரை இறந்துபோவார்கள். அசைக்லோவிர் ஊசியை நேரத்தோடு தொடங்கினால் பலரைக் காப்பாற்றலாம். அதனால்தான் முடிவு வருமுன்னரே, சந்தேகத்திலேயே அதைத் தொடங்குகிறார்கள். இந்த நோய்தான் என்று உறுதியானால் 2 அல்லது 3 கிழமை நரம்பில் ஏற்ற வேண்டும். நாலாம் நாள் அப்பா எழும்பித் தேத்தண்ணீர் கேட்டாலும் மருந்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

பிள்ளைக்கு ஒரு வயதில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. இனிப் பயமில்லைத்தானே? எங்கள் வீடு வயல் கரையில்.
– மீசாலை வாசகி

ஜப்பானிய வகைக்குப் பயம் மிகக் குறைவு. மற்ற வகைகளுக்கு அந்த ஊசி கவசமில்லை.

இந்த வைரஸ் கொக்கிலும் பன்றியிலும் பெருகி, கியூலெக்ஸ் நுளம்பால் மனிதருக்கு வருகிறது. மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றாது. தொற்றினவர்களில் மிகச் சிலருக்கே மூளையைப் பாதிக்கும், ஆனால் பாதித்தால் நூற்றில் 30 பேர் வரை இறக்கலாம். இதற்கென்று தனி மருந்தும் இல்லை. 1980களில் அநுராதபுரப் பக்கத்தில் பெரிதாகப் பரவிய பிறகுதான், 1988 இல் எங்கள் நாட்டில் இந்தத் தடுப்பூசி தொடங்கியது. அதன் பலனைத்தான் உங்கள் பிள்ளை அனுபவிக்கிறது.

இந்த நுளம்பு வயல் தண்ணீரில் பெருகி, பொழுதுபட்ட பிறகு கடிக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது மட்டும் உங்களுக்குப் போதாது. மாரி காலத்தில் எல்லாரும் நுளம்பு வலைக்குள் படுங்கள். சின்னமுத்தும் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளை அழற்சியைக் கொடுக்கும். ஒழிந்துவிட்டது என்று 2019 இல் அறிவித்த சின்னமுத்து 2023 இல் இலங்கைக்குத் திரும்பி வந்தது. சின்னமுத்தைத் தடுக்க 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்எம்ஆர் ஊசி தவறியிருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே கேளுங்கள்.

இவர் மூளை அழற்சி சுகமாகி வீட்டுக்கு வந்து ஆறு மாதம். பார்க்க நல்லாய் இருக்கிறார். ஆனால் காலையில் சாப்பிட்டது நினைவில்லை, சின்னதுக்கும் சீறுகிறார், மத்தியானத்தோடு களைத்துப் படுத்துவிடுகிறார். சொந்தக்காரர் வேலைக்குப் போகப் பஞ்சிப்படுகிறார் என்கிறார்கள். எனக்கும் சிலவேளை அப்படித் தோன்றுகிறது.
– மனைவி, நல்லூர்

அம்மா, அது பஞ்சி இல்லை. நோய் விட்டுப்போன காயம். கால் முறிந்தவருக்குப் பொல்லைப் பார்த்து ஊரார் விலகி வழி விடுவார்கள், இவருடைய காயத்தை ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் சாமான் விலை எல்லாம் பிழையில்லாமல் சொல்வார். மனைவி காலையில் வந்து போனதைச் சொல்லமாட்டார். பழைய நினைவு இருக்க, புதியது பதியாமல் போவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. அந்தச் சீற்றமும் அவருடைய குணம் அல்ல. அடக்குகிற இடம் பழுதுபட்டிருக்கிறது.

சுவரில் பெரிய கலண்டர் ஒன்று, சட்டைப்பைக்குள் சின்னக் கொப்பி ஒன்று. அன்றைய வேலைகளை அவரே எழுதி, அவரே வெட்டட்டும். தொலைக்காட்சி ஓட, நாலு பேர் கூடிக் கதைக்கும் இடத்தில் அவரை இருத்தாதீர்கள். முக்கியமான வேலையைக் காலையில் வையுங்கள், மத்தியான நித்திரையைக் குழப்ப வேண்டாம். வலிப்பு மருந்து தந்திருந்தால் ஒருநாளும் விடக்கூடாது. வைத்தியர் சரி சொல்லும்வரை மோட்டார் சைக்கிளின் சாவி உங்களிடம் இருக்கட்டும். நரம்பியல் கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய், சீறுவதையும் மறப்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். வைத்தியர் முன்னால் அவர் பத்து நிமிடம் நன்றாகத்தான் கதைப்பார். சொந்தக்காரருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆறு மாதத்தோடு தேறுதல் நின்றுவிடுவதில்லை, ஒன்றிரண்டு வருடம் கழித்தும் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள். பின்னேரத்தில் யாராவது அவரோடு இருக்க, நீங்கள் ஒரு மணித்தியாலம் வெளியே போய் வாருங்கள்.

எங்கள் சனசமூக நிலையத்தில் இதைப் பற்றி அறிவித்தல் ஒன்று போட விரும்புகிறோம். என்ன எழுதுவது?
– நிலையத்தின் இளைஞர்கள், கரவெட்டி

வெளிநாடுகளில் பெப்ரவரி 22 அன்று பெரிய கட்டிடங்களுக்குச் சிவப்பு வெளிச்சம் போடுகிறார்கள். உங்களுக்குச் சிவப்பு மை போதும். பத்திரிகை வாசிக்க வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "காய்ச்சல், தலையிடியோடு ஆள் தடுமாறினாலோ, கதை குழம்பினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். காய்ச்சல் இல்லாமலே நல்ல மனிதர் சில நாளுக்குள் குணம் மாறினாலும் அப்படித்தான். உடனே ஆஸ்பத்திரி. இலவச அம்புலன்ஸ் 1990."

வெறும் காய்ச்சல் தலையிடிக்கு மூளை அழற்சி என்று யாரும் பதற வேண்டியதில்லை என்பதையும் கீழே ஒரு வரி சேருங்கள். கூட்டம் வைப்பதென்றால் சனிக்கிழமை பின்னேரமாக வையுங்கள். கடிதம் போட்டால் வந்து கதைக்கிறேன்.